நிரம்பிப் பார்க்காத அணையை எப்படி நம்புவது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக் கிராமப்புறச் சாலைகளில் போனால், மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே நீண்ட புல்மேடுகள் அடிக்கடி கண்ணில் படும். மேட்டுக்கு ஒரு பக்கம் சின்னக் குட்டை, மறுபக்கம் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட யாரோ குளம் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஆனால் அவற்றில் பல வெள்ளத் தடுப்பு அணைகள். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 2,100க்கு மேல் இருக்கின்றன. நாடு முழுக்கக் கணக்கெடுத்தால், 47 மாநிலங்களில் 11,800க்கு மேல். உள்ளூர் மண்ணை வெட்டி, அடுக்கடுக்காகக் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கிக் கட்டிய கரைகள். பலவற்றுக்கு வைத்த ஆயுள் ஐம்பது வருடம். அந்த ஐம்பது வருடம் ஏராளமான அணைகளுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இவை பத்திரமாக இருக்கின்றனவா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது, பெரிய பாசன அணைக்குச் சொல்வதைவிட ஒரு விதத்தில் கடினம். பாசன அணை வருடா வருடம் நிரம்புகிறது. எங்கே கசிகிறது, எந்த மட்டத்தில் கசிவு கூடுகிறது, எந்த மூலை உட்காருகிறது என்பதெல்லாம் பத்து இருபது பருவத்தில் தெரிந்துவிடும். வெள்ளத் தடுப்பு அணைக்கு அந்த வாய்ப்பே இல்லை. காலியாக இருப்பதுதான் அதன் வேலை. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதற்கு மேலுள்ள முக்கால் பங்குக் கரை பல பத்தாண்டுகள் தண்ணீரையே தொட்டிருக்காது. பிறகு ஒரு நாள் பெருமழை கொட்டி, சில மணி நேரத்தில் நீர்மட்டம் விறுவிறுவென்று ஏறும். அன்றைக்குத்தான் அதற்கு முதல் பரீட்சை. கீழே குடியிருப்பவர்களுக்கு அந்த அணை உயிர் போகிற அவசியமாக இருப்பதும் அதே நாளில்தான்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், சிறிய மண் அணையின் பாதுகாப்பு மதிப்பீட்டில் பொறியாளர்கள் ஏன் சில இடங்களில் பிடிவாதமாக நிற்கிறார்கள் என்பது புரியும்.

முதலில் இவை எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். 1934 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் வாஷிட்டா நதியில் வந்த வெள்ளம் ஹேமன் என்ற சிற்றூரின் பக்கத்தில் 17 பேரைக் கொண்டுபோனது. பெரிய நதியில் பெரிய அணை கட்டினால் போதுமா, மழை விழுகிற இடத்திலேயே ஓடைக்கு ஓடை சின்னச் சின்னதாகத் தடுக்க வேண்டுமா என்ற வாதம் அந்தக் காலத்தில் பலமாக நடந்தது. 1944ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் 11 நதிப் படுகைகளில் இரண்டாவது வழிக்கு அனுமதி கொடுத்தது. வாஷிட்டா அதில் ஒன்று. 1948இல் கார்டெல் என்ற ஊருக்கு அருகே கிளவுட் கிரீக் ஓடையில் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1954இல் வந்த 566ஆம் எண் பொதுச் சட்டம் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஒரு அணையின் மொத்தக் கொள்ளளவு 25,000 ஏக்கர்-அடியைத் தாண்டக் கூடாது (ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி), திட்டப் பகுதி 2,50,000 ஏக்கரைத் தாண்டக் கூடாது என்று அந்தச் சட்டத்திலும் அதன் திருத்தத்திலும் வரம்பு வைக்கப்பட்டது. மத்திய அரசின் மண் பாதுகாப்புத் துறை வடிவமைத்துக் கட்டிக் கொடுக்கும். கட்டிய பிறகு பராமரிப்பு உள்ளூர்ப் பாதுகாப்பு மாவட்டங்கள், நகராட்சிகள் போன்ற அமைப்புகளின் பொறுப்பு. அந்தத் துறைக்கு 1994 முதல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்று பெயர்.

அணையின் அமைப்பு எளிமையானது. கரைக்கு உள்பக்கம் தண்ணீருக்குள் ஒரு கான்கிரீட் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். அதன் வாய் மட்டத்துக்குக் கீழே உள்ள இடம் ஐம்பது வருடத்து வண்டல் வந்து சேர ஒதுக்கியது. வெள்ளம் வந்து நீர்மட்டம் அந்த வாயைத் தாண்டியதும், தண்ணீர் கோபுரத்துக்குள் விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக மறுபக்கம் வெளியேறும். குழாய் வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்படுகிறது. உள்ளே ஆவேசமாக வரும் வெள்ளம் வெளியே நிதானமாகப் போக வேண்டும். தேங்கிய வெள்ளம் ஏறக்குறைய பத்து நாட்களுக்குள் வடிந்து, அடுத்த மழைக்கு இடம் தயாராகிவிட வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. திறக்க மூட ஷட்டர் இல்லை, பக்கத்தில் காவலாளி இல்லை. குழாயின் சக்திக்கு மீறி வந்தால், கரையின் ஓரத்தில் இயற்கை நிலத்தில் வெட்டிப் புல் வளர்த்த அகலமான கலிங்கு வழியாக மிச்சம் ஓடும். அந்தக் கலிங்கில் தண்ணீர் ஏறுவது சராசரியாக 25 வருடத்துக்கு ஒரு முறையோ, 100 வருடத்துக்கு ஒரு முறையோதான்.

ஆக, கரையின் பெரும்பகுதி, கலிங்கு, கலிங்கின் புல் எல்லாமே சோதிக்கப்படாதவை. நல்ல மதிப்பீட்டு அறிக்கையில் நான் முதலில் தேடுவது, இந்த அணை இதுவரை கண்ட அதிகபட்ச நீர்மட்டம் எது என்பதற்கான பதிலை. சில அணைகளில் பதிவு இருக்கும். பலவற்றில் இருக்காது, வெள்ளம் விட்டுப்போன குப்பைக் கோடு, பக்கத்துப் பண்ணைக்காரரின் ஞாபகம் இவைதான் ஆதாரம். அந்த மட்டம் வரைக்கும் அணை தன்னைத் தானே நிரூபித்திருக்கிறது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு அடியும் கணக்கையும் வரைபடத்தையும் நம்பி நிற்கிறது. "அறுபது வருடமாக நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதத்தை இந்த அணைகளுக்குச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

மண் அணை உடைவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, தண்ணீர் கரைக்கு மேல் வழிந்து, கீழ்ச்சரிவை அறுத்து இறங்குவது. இன்னொன்று, கரைக்கு உள்ளேயோ அடியிலோ வழி கண்டுபிடித்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக்கொண்டு போகும் உள் அரிப்பு. உலகம் முழுக்க உடைந்த மண் அணைகளை எடுத்துப் பார்த்தால், இந்த இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சரிவு சறுக்கி விழுவது, நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து மிச்சம் இருக்கும் சிறு பங்குதான்.

உள் அரிப்பை எடுத்துக்கொள்வோம். வெள்ளத் தடுப்பு அணைக்கு இது தனி ஆபத்து. வருடக்கணக்காகக் காய்ந்து கிடக்கும் களிமண் கரை கோடையில் வெடிக்கும். குழாய் போகும் பள்ளத்துக்கு மேலே உள்ள மண்ணும் அதன் இரு பக்கத்து மண்ணும் ஒரே அளவில் உட்காருவதில்லை. அங்கேயும் விரிசல் விழும். கரை மலைச்சரிவோடு சேரும் இடத்திலும் அப்படித்தான். பாசன அணை மெதுவாக நிரம்பும்போது களிமண் ஈரம் குடித்து வீங்கி விரிசலை மூடிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. வெள்ளத் தடுப்பு அணையில் சில மணி நேரத்தில் தண்ணீர் விரிசலுக்குள் பாய்ந்துவிடும். அப்போது அந்தக் களிமண் எந்தச் சாதி என்பதுதான் அணையின் விதியைத் தீர்மானிக்கிறது.

1960கள், 70களில் ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் இதே துறை கட்டிய அணைகள் சில, நல்ல களிமண்ணால் ஒழுங்காக இறுக்கிக் கட்டப்பட்டும், முதன்முறை தண்ணீர் ஏறியபோதே துளை விழுந்து போயின. ஜேம்ஸ் ஷெரார்ட் என்ற பொறியாளரும் துறையின் மண் ஆய்வாளர்களும் 1970களின் தொடக்கத்தில் அந்த இடங்களைத் துருவினார்கள். காரணம் மண்ணின் வேதியியலில் இருந்தது. சில களிமண்களில் சோடியம் மிகுந்திருக்கும். அந்த மண்ணின் நுண்துகள்கள் சுத்தமான தண்ணீரில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதில்லை. தண்ணீர் அசையாமல் நின்றாலும் தாமாகப் பிரிந்து மிதக்கத் தொடங்கும். மழைத் தண்ணீர் உப்பில்லாத தண்ணீர். அது இப்படிப்பட்ட கரையின் விரிசலுக்குள் போனால், சுவர் வீங்கி மூடாது, கரைந்து அகலமாகும்.

வழக்கமான மண் சோதனைகள் இதைக் காட்டிக்கொடுக்காது. துகள் அளவு, நெகிழ்வு எல்லாம் பார்க்க நல்ல களிமண் மாதிரியே இருக்கும். அதனால் தனிச் சோதனைகள் வந்தன. அவற்றில் எளிமையானதை யாரும் செய்து பார்க்கலாம். மண்கட்டி ஒன்றை, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், கண்ணாடிக் கிண்ணத்தில் உள்ள காய்ச்சி வடித்த தண்ணீரில் மெதுவாக விட வேண்டும். சாதாரணக் களிமண் என்றால் கட்டி சரிந்து உட்காரும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஆபத்தான களிமண் என்றால், கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல் ஒரு மங்கல் எழும்பி, கிண்ணத்தின் அடி முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் அடங்காமல் நிற்கும். இன்னும் துல்லியமானது ஊசித்துளைச் சோதனை. இறுக்கிய மண் மாதிரியில் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, முதலில் 50 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஓட விடுவார்கள். கரையாத மண்ணில் தண்ணீர் தெளிவாக வரும், துளை அப்படியே இருக்கும். கரையும் மண்ணில் கலங்கலாகக் கொட்டி, சில நிமிடங்களில் துளை பெரிதாகிவிடும். கரைக்குள் வெள்ள நாளில் நடக்கப் போவதை மேசை மேல் நடத்திக் காட்டும் சோதனை இது.

பழைய அணையை மதிப்பிடும்போது இந்த மண் மாதிரியை எடுப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. துளையிடும்போது வழக்கமாகப் பாய்ச்சும் தண்ணீரின் அழுத்தமே கரையைப் பிளந்துவிடலாம். அதனால் கரை மேல் உலர்முறையில்தான் துளையிட வேண்டும். ஆய்வு செய்யப் போய் அணையைக் கெடுத்த கதைகள் இந்தத் துறையில் உண்டு.

அணை இப்படித் தண்ணீரில் கரையும் களிமண்ணால் கட்டியது என்று தெரிந்தால் என்ன செய்வது? முழுக் கரையையும் பிரித்துக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் இருந்த துறையின் மண் ஆய்வகத்தில் ஷெரார்டும், டனிகன், டால்பட் என்ற இரு துறைப் பொறியாளர்களும் 1980களில் செய்த வடிகட்டிச் சோதனைகள் இந்தத் துறையில் நடந்த மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று என்பது என் எண்ணம். சரியான பருமனுள்ள சுத்தமான மணலை விரிசலின் வழியில் குறுக்கே வைத்தால், தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் களிமண் துகள்கள் மணலின் முகத்தில் படிந்து விரிசலை அடைத்துவிடும். மணலுக்கு இன்னொரு குணம் இருக்கிறது: அதில் விரிசல் நிலைக்காது. ஈரம் பட்டதும் சரிந்து தானே மூடிக்கொள்ளும். களிமண் எங்கே தோற்கிறதோ அங்கே மணல் ஜெயிக்கிறது.

இதன் முக்கியத்துவம் குழாயைச் சுற்றி அதிகம் தெரியும். 1980களுக்கு முந்தைய வரைபடங்களில், கரைக்கு அடியில் போகும் குழாயைச் சுற்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் கான்கிரீட் வளையங்கள் இருக்கும். குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டித் தண்ணீர் ஓடிவராமல் தடுப்பதற்காக வைத்தவை. நடைமுறையில் அந்த வளையங்களுக்குப் பக்கத்தில் உருளை போக முடியாது. கையால் இடித்து இறுக்கிய மண் தளர்வாகவே நின்றது. எந்த இடத்தைப் பலப்படுத்த நினைத்தார்களோ அந்த இடமே பலவீனமானது. பிறகு வளையங்களைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் திரை வைக்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். ஆனால் பெரும்பாலான அணைகள் அதற்கு முன்பே கட்டப்பட்டவை. எனவே மதிப்பீட்டாளர் பழைய வரைபடத்தை விரித்ததும் பார்க்க வேண்டியது: குழாயைச் சுற்றி இருப்பது வளையமா, மணலா?

குழாயே இன்னொரு தலைவலி. செலவு குறைக்கப் பல அணைகளில் நெளிவுத் தகட்டு இரும்புக் குழாய் போட்டார்கள். மண்ணும் தண்ணீரும் கொஞ்சம் அமிலத்தன்மையாக இருந்தால் அது 25 வருடத்திலேயே துருப்பிடித்து ஓட்டை விழலாம். ஓட்டை வழியாகக் கரை மண் குழாய்க்குள் உதிரும். குழாய்க்கு நேர் மேலே கரையில் ஒரு நாள் திடீரென்று குழி விழும். இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சின்ன வண்டியில் கேமரா பொருத்திக் குழாய்க்குள் அனுப்பி, ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். கரையடியில் கசிவு இருந்தால் கண்ணாடி ஜாடியில் பிடித்து வைத்துப் பார்ப்பார்கள். மண் அணையில் கசிவு இருப்பது குற்றமில்லை. தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். ஜாடியின் அடியில் மண் படிந்தால் அணை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாது.

கண்ணால் பார்க்கும் ஆய்வில் மரமும் விலங்கும் பெரிய இடம் பிடிக்கின்றன. ஓக்லஹோமாவில் சிவப்பு சீடர் மரம் கேட்பாரற்ற நிலத்தில் கட்டுக்கடங்காமல் பரவுகிறது. கரையில் வளர்ந்தால் வேர் உள்ளே போகும். மரம் செத்த பிறகு வேர் மக்கிய இடம் தண்ணீருக்கு வழியாகும். புயலில் சாய்ந்தால் கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். அதற்கெல்லாம் முன்பே, புதர் மூடிய கரையில் எந்தக் குழியும் கண்ணுக்குத் தெரியாது. நீர்நாய் மாதிரி இருக்கும் பீவர் கோபுரத்தின் வாயைக் கிளைகளால் அடைத்துவிடும். வாய் அடைபட்டால் வெள்ளத்துக்கு ஒதுக்கிய இடம் சாதாரண மழையிலேயே நிரம்பி, நிஜ வெள்ளம் வரும்போது இடம் இருக்காது.

இதில் ஒரு நடைமுறைப் பிரச்சினையும் சேர்கிறது. வருடாந்திர ஆய்வு வழக்கமாக நல்ல வெயில் நாளில் நடக்கும். காய்ந்த கரையில் விரிசல், குழி, மரம் எல்லாம் தெரியும்; கசிவு தெரியாது. அதனால் தண்ணீர் ஏறிய ஒவ்வொரு முறையும், மழை விட்ட உடனே போய்ப் பார்க்க வேண்டும், எந்த மட்டம் வரை வந்தது என்று குறித்து வைக்க வேண்டும் என்பது இந்த அணைகளுக்கு மிக முக்கியமான விதி. பாதி நிரம்பும் சின்ன வெள்ளம் ஒவ்வொன்றும் இலவசமாகக் கிடைக்கும் சோதனை. அதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

கரை மேல் வழியும் ஆபத்துக்கு வருவோம். இங்கே கேள்வி, கலிங்கு தாங்குமா என்பது. புல் கலிங்கில் அரிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் உள்ள வேளாண்துறை நீரியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. நிஜ அளவுக் கரைகளைக் கட்டி, அவற்றின் மேல் தண்ணீரை வழிய விட்டு உடைத்தே பார்த்தார்கள். முதலில் புல் கிழியும். பிறகு தண்ணீர் ஒரே கோட்டில் சேர்ந்து ஓடும். பிறகு கலிங்கின் கீழ்ப்பகுதியில் ஒரு செங்குத்துப் படி உருவாகும். அந்தப் படி தண்ணீர் விழ விழ அடியில் குடைபட்டுப் பின்னோக்கி, அணையை நோக்கி, நகரும். அது கலிங்கின் முகட்டை எட்டிவிட்டால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அந்த வழியாக வெளியேறிவிடும். வடிவமைப்பு விதி கலிங்கில் அரிப்பே கூடாது என்று சொல்வதில்லை; வெள்ளம் முடியும் வரை அந்தப் படி முகட்டை எட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. மாடு நடந்த தடம், ஜீப் போன தடம், நடுவில் நிற்கும் ஒரே ஒரு மரம், இவையெல்லாம் தண்ணீரை ஒரே கோட்டில் சேர்த்து முதல் கட்டத்தைச் சீக்கிரமாக்கிவிடும். கலிங்கில் ஒன்றும் இல்லாமல் வெறும் புல்லாக வைத்திருப்பது சோம்பேறித்தனம் மாதிரித் தெரியலாம்; அணையில் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான பாதுகாப்பு வேலை அது.

அடுத்து, எவ்வளவு மழைக்குத் தாங்க வேண்டும்? இங்கேதான் ஊர் உள்ளே வருகிறது. உடைந்தால் வயல் மட்டும் போகும் என்றால் குறைந்த அபாய வகுப்பு. முக்கியச் சாலை, சில கட்டடங்கள் பாதிக்கும் என்றால் நடு வகுப்பு. உயிர் போகும் என்றால் உயர் வகுப்பு. அணை பழுதாக இருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்பதற்கும் இந்த வகுப்புக்கும் சம்பந்தமே இல்லை. வகுப்பைப் பொறுத்து வடிவமைப்பு மழை மாறும். துறையின் கையேட்டில் சூத்திரம் நேரடியாகவே இருக்கிறது. கணக்குக்காக, ஓர் இடத்தில் நூறாண்டு மழை, அதாவது சராசரியாக நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் மழை, 200 மில்லிமீட்டர், அங்கே இயற்கையில் பெய்யக்கூடிய உச்சபட்ச மழை 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த வகுப்பு அணையின் கரை உயரம், நூறாண்டு மழையோடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 12 சதவீதத்தைச் சேர்த்து, அதாவது 272 மில்லிமீட்டருக்குத் தாங்கினால் போதும். நடு வகுப்புக்கு 40 சதவீதம்: 440 மில்லிமீட்டர். உயர் வகுப்புக்கு முழு 800.

இப்போது 1965இல் வெறும் வயல்களுக்கு மேலே 272 மில்லிமீட்டர் கணக்கில் கட்டிய ஓர் அணையை நினைத்துப் பாருங்கள். நகரம் வளர்ந்தது. அணை இருப்பதால் வெள்ளம் வராத சமவெளி ஒன்று கீழே கிடைத்தது. அங்கே மனை போட்டார்கள், வீடு கட்டினார்கள். அணையில் ஒரு கல் நகரவில்லை. ஆனால் அது இப்போது உயர் வகுப்பு. கையேட்டின்படி 800 மில்லிமீட்டருக்குத் தாங்க வேண்டும். அதன் கலிங்கு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பாதுகாப்புக் குறைவு என்று பட்டியலில் ஏறும் இத்தகைய அணைகளில் பலவற்றின் கதை இதுதான். கெட்டுப்போன அணை என்று நினைத்துப் பழியைப் பராமரிப்பவர் மேல் போடுவது நியாயமில்லை.

உச்சபட்ச மழை என்ற எண்ணே எவ்வளவு நம்பகமானது என்ற விவாதமும் ஓடுகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பல இடங்களுக்கு இன்னும் அடிப்படையாக இருப்பது 1978இல் வெளியான வானிலை அறிக்கை. தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2024இல் இந்த முறையையே புதுப்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெப்பமாகும் காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால் அது தேவையான வேலைதான். ஆனால் சிறிய அணைகளைப் பொறுத்தவரை, மழைக் கணக்குக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது குழாய்க்கும் மணல் திரைக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். உச்சபட்ச மழை வராமலே போகலாம். தண்ணீரில் கரையும் களிமண்ணுக்கு அந்த மழை தேவையில்லை. இதுவரை நனையாத மட்டம் ஒரு முறை நனைந்தாலே போதும்.

சிறிய அணை உடைந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? ஃப்ரோலிக் என்பவர் 1995இல், நிஜத்தில் உடைந்த அணைகளின் அளவுகளிலிருந்து ஒரு சூத்திரம் கொடுத்தார். பத்து லட்சம் கனமீட்டர் தண்ணீர், 10 மீட்டர் ஆழம் என்று அதில் போட்டால் உச்ச வெளியேற்றம் விநாடிக்குச் சுமார் 620 கனமீட்டர் வருகிறது. கனஅடியில் சொன்னால் விநாடிக்கு ஏறக்குறைய 22,000. குழாய் வழியாக நிதானமாகச் சில கனமீட்டர் மட்டும் வந்துகொண்டிருந்த ஓடையில் இது வரும்.

உயிரிழப்பைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவைவிட நேரம்தான். பிரவுன், கிரஹாம் என்ற இருவர் 1988இல் பழைய அணை விபத்துகளை அலசி ஒரு மதிப்பீட்டு முறை தந்தார்கள். ஆபத்துப் பகுதியில் 500 பேர் என்று வைத்தால், எச்சரிக்கை 15 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைக்கும்போது 250 பேர் வரை இறக்கலாம். 15 முதல் 90 நிமிடம் கிடைத்தால் சுமார் 40. 90 நிமிடத்துக்கு மேல் என்றால் கணக்கு ஒருவருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1977 நவம்பர் 6 பின்னிரவில் ஜார்ஜியா மாநிலத்தின் டக்கோவா ஃபால்ஸில் கெல்லி பார்ன்ஸ் என்ற பழைய மண் அணை உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். அது வெள்ளத் தடுப்பு அணை இல்லை. ஆனால் சிறிய அணை, தூங்கும் நேரம், எச்சரிக்கை இல்லாமை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. அதிபர் கார்ட்டரின் உத்தரவில் 1978 முதல் 1981 வரை தனியார், மாநில அரசுகள் வசம் இருந்த ஏறக்குறைய 9,000 அணைகளை ராணுவப் பொறியாளர் படை ஆய்வு செய்தது. மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது.

காவலாளி இல்லாத வெள்ளத் தடுப்பு அணைக்கு இந்த நேரக் கணக்கு மிக முக்கியம். நள்ளிரவு மழையில் கரை மேல் யார் நிற்பார்கள்? அதனால்தான் நீர்மட்டத்தைத் தானாகச் சொல்லும் கருவி, எந்த மட்டத்தில் யாருக்கு ஃபோன் செய்வது என்று எழுதி வைத்த அவசரத் திட்டம், உடைந்தால் எந்த வீடு வரை தண்ணீர் வரும் என்ற வரைபடம் ஆகிய மூன்றும் மதிப்பீட்டின் பின்னிணைப்பாக இல்லாமல் மையப் பகுதியாக இருக்க வேண்டியவை. கலிங்கை விரிவாக்கும் பணம் வரப் பத்து வருடம் ஆகலாம். ஃபோன் எண் பட்டியலை இந்த வாரமே சரி செய்யலாம்.

இந்தியச் சட்டத்தோடு ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய அணைப் பட்டியலில், உடைந்தால் உயிர் போகும் என்றால் அணை எவ்வளவு சிறியதானாலும் இடம் உண்டு. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் உயரத்தில் தொடங்குகிறது: 15 மீட்டருக்கு மேல் என்றால் உள்ளே, 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு, வெள்ள அளவு போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். 9 மீட்டர் மண் கரைக்குக் கீழே ஆயிரம் வீடு இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது படாது. கரையின் உயரத்தை அளப்பது சுலபம்தான். அளக்க வேண்டியது கரைக்குக் கீழே இருப்பவர்களை.

சரி, குறை கண்டுபிடித்த பிறகு? 2000ஆம் ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, இந்தப் பழைய அணைகளைப் புதுப்பிக்கும் திட்டச் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. மிச்சம் 35 சதவீதம் உள்ளூர் அமைப்பு. கரையை உயர்த்தலாம், கலிங்கை அகலப்படுத்தலாம், கரையின் கீழ்ச்சரிவில் கான்கிரீட் படிகள் அமைத்து மேலே வழிந்தாலும் அறுக்காதபடி செய்யலாம். கீழே உள்ள சில வீடுகளை விலைக்கு வாங்கி அகற்றுவது சில இடங்களில் இதைவிட மலிவு. அணையையே வெட்டி எடுத்துவிடுவதும் ஒரு வழி. ஆனால் அப்போது 1934இன் வெள்ளம் திரும்ப ஊருக்குள் வரும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அணை கட்டியபோது, வெள்ளம் தேங்கும் மேல்பக்க நிலத்துக்கு உள்ளூர் அமைப்புகள் பண்ணைக்காரர்களிடம் உரிமை எழுதி வாங்கின. அங்கே யாரும் வீடு கட்ட முடியாது. உடைந்தால் தண்ணீர் பாயும் கீழ்ப்பக்க நிலத்துக்கு அப்படி எந்த உரிமையும் வாங்கவில்லை. கட்டட அனுமதி கொடுப்பது நகராட்சி, மனை விற்பது வேறொருவர், வகுப்பு உயர்ந்ததும் கோடிக்கணக்கில் செலவு செய்யச் சொல்லிக் கடிதம் வருவது அணையைப் பராமரிக்கும் சிறிய மாவட்ட அலுவலகத்துக்கு. வர்ஜீனியா மாநிலம் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறது: அணை உடைந்தால் மூழ்கும் பகுதியில் ஒருவர் புதிதாகக் குடியிருப்புத் திட்டம் போட்டு, அதனால் அணையை மேம்படுத்த வேண்டி வந்தால், அந்தச் செலவில் ஒரு பங்கை அவரும் கொடுக்க வேண்டும். மனைக்கான அனுமதியைப் பரிசீலிக்கும் மேசையிலேயே மூழ்கும் பகுதியின் வரைபடம் விரிக்கப்பட இது வழி செய்கிறது. ஓக்லஹோமாவின் 2,100 அணைகளுக்குக் கீழேயும் அப்படி ஒரு விதி 1960களிலேயே இருந்திருந்தால், இன்று உயர் வகுப்பில் ஏறியிருக்கும் அணைகளில் பல இன்னும் வயலுக்கு மேலே நிற்கும் அணைகளாகவே இருந்திருக்கும்.